மாடி வீட்டுப் பையன்

“உங்க வீட்டுப் பையன் வாயை மூட மாட்டானா?”

“எங்க வீட்ல பையனே இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது சார்?”

“அப்ப தினமும் காலையில கத்துறது யாரு, பேயா?”

கீழ் வீட்டு பேங்க் மேனேஜர் படிக்கட்டில் நின்று எகிறினார். மாடி வீட்டுப் பெண்ணும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற வீடுகள் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டின. மேனேஜர், டிவியில் செய்தி தவிர எதையும் பார்ப்பதில்லை என்று பெருமை பேசும் தனிக்கட்டை. பாவம், தூக்கம் கெட்டால் கோபம் வராதா?

“சத்தம் அதிகமா இருந்தா மன்னிச்சுக்குங்க சார்.”

“சத்தத்துக்கு யாரும்மா அழுதா?” மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. “அந்த சூப்பர் ஹீரோ கார்ட்டூன்ல, அஞ்சு பேர் டீமுக்குள்ள துரோகி யாருன்னு ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை வர்ற எபிசோடுக்கு, புதன்கிழமையே ‘கேப்டன்தான் துரோகி’ன்னு கத்தினா நான் எதைப் பார்க்கிறது?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கதவிடுக்குகளில் சிரிப்பு கிளம்பியது. இந்த வழுக்கைக்குக் கார்ட்டூன் ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினார்.

“மன்னிச்சிடுங்கண்ணா! இனிமே ஜன்னலைச் சாத்திட்டுப் பேசிப் பழகறேன்!”

தினமும் கேட்ட அதே பையனின் குரல். டிவியில் அந்த டீமின் கடைக்குட்டி ஹீரோ பேசுவதும் இதே குரல்தான். வந்ததோ அவள் வாயிலிருந்து.

“டப்பிங் பேசறதுதான் சார் என் வேலை” என்றாள், சொந்தக் குரலில்.

எட்டே மாதத்தில் இருவருக்கும் கல்யாணம். “ஊரறிய அண்ணான்னு கூப்பிட்டாங்களே?” என்று எதிர்வீட்டுக்காரர் வம்புக்கு இழுத்தார்.

“கூப்பிட்டது அந்தப் பையன் சார்” என்றார் மாப்பிள்ளை.