அவருக்கு மட்டும் போடாதீங்க

"ஓட்டுச் சீட்டுல என் வீட்டுக்காரர் பேரை மட்டும் எழுதிடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

ஒலிபெருக்கியில் ரோசெண்டாவின் குரல் கேட்டதும், கடலோரத் தெருவில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஊர்த் தலைவராக இருந்து, அதே பதவிக்கு இரண்டாம் தடவையாக நிற்கும் அன்செல்மோவின் மனைவி, அவரை எதிர்த்து நிற்கும் தியோவின் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஓட்டியதும் தியோவேதான்.

"வீட்டுல சண்டையா ரோசெண்டா?" என்றாள் ஒருத்தி.

"சண்டை போடவாவது மனுஷன் வீட்டுல இருக்கணுமே. புயல்ல எங்க கூரை பறந்துச்சு. அவரு என்னடான்னா உன் வீட்டுக் கூரைக்குத் தகரம் அடிச்சுக்கிட்டிருந்தாரு."

"ஆமா, அடிச்சுக் கொடுத்தாரு."

"எந்த வீட்டுல சாவுன்னாலும் அடக்கம் முடியிற வரைக்கும் அங்கேயே கிடக்கிறாரு. யாருக்கோ பிரசவ வலின்னா படகை எடுத்துக்கிட்டு ஓடறாரு. எங்க வீட்டு அரிசியில பாதி ஊருக்குத்தான் போகுது. எனக்கு என் புருஷன் வேணும். இந்தத் தடவை தியோ பேரை எழுதுங்க."

தியோ குஷியாக ஹாரன் அடித்தான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெருத்தெருவாக இதே பேச்சுதான். மாலையில் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பியவளிடம் அன்செல்மோ சுடச்சுட இஞ்சித் தண்ணீரை நீட்டினார்.

"குடி. நாளைக்கும் பேசணும்ல?"

"உங்களுக்குக் கோபமே வராதா? பதவி வேண்டாம்னா எதுக்கு நின்னீங்க?"

"ஊரே வாசல்ல வந்து உக்காந்துடுச்சு. முடியாதுன்னு சொல்ல வாய் வரலை."

அந்த வாயைத்தான் ரோசெண்டாவால் மாற்றவே முடியவில்லை.

தேர்தலன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை. டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, எழுதியிருந்த பெயரை உரக்க வாசித்தார். சுவரில் ஒட்டிய தாளில் இரண்டு பெயருக்கும் கோடுகள் போட்டிபோட்டு நீண்டன. கடைசிச் சீட்டிலும் அன்செல்மோ பெயர் வர, ஒரே ஒரு ஓட்டில் அவர் ஜெயித்துவிட்டார்.

"என்னா மூளைடி உனக்கு. திட்டற மாதிரி திட்டியே ஜெயிக்க வச்சுட்டியே" என்று மீன்காரப் பெண்கள் ரோசெண்டாவைக் கட்டிக்கொண்டார்கள்.

அவள் அவர்களை விலக்கிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவள் நடிக்கவில்லை என்று சொன்னால் இனி யார் நம்பப்போகிறார்கள்?

அன்செல்மோ கூட்டத்திலிருந்து நழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதே. யார்கிட்டேயும் சொல்லிடாதே. நானும் தியோ பேரைத்தான் எழுதினேன்."

ரோசெண்டாவுக்கு அழுகை நின்றுவிட்டது. "நானும் அவன் பேர்தானே எழுதினேன். அப்படியும் ஒரு ஓட்டு எப்படிங்க கூடிச்சு?"

வாழ்த்துச் சொல்ல வந்த தியோ கையை நீட்டியபடி அப்படியே நின்றான். முகம் தரையைப் பார்த்தது.

"உங்களை வண்டியில வச்சு ஊரெல்லாம் சுத்தினப்ப, நீங்க பேசினதை நானும்தானே கேட்டுக்கிட்டிருந்தேன் அக்கா. அண்ணன் பேரைத்தான் எழுதினேன்."