பாலத்தின் நிழல்

பலூன் மேலே ஏறியது.

கட்டப்போகும் பாலம் எவ்வளவு உயரத்தில் வரும் என்று பார்க்கத்தான் அதைக் கயிறு கட்டி விட்டார்கள். ஜூன் மாதத்து உச்சி வெயில். பலூனின் நிழல் மோசல் ஆற்றைத் தாண்டி வந்து என் திராட்சைக் கொடிகள் மேல் உட்கார்ந்தது.

என் தம்பி வின்ஃப்ரீட் டையைத் தளர்த்திக்கொண்டு சிரித்தான்.

"பாத்தியா அக்கா, சரியா உன் தோட்டத்து மேல விழுது. நான் என்ன பண்றது, சூரியன் என் கட்சியில இல்லையே!"

அதிகாரிகளும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மைன்ஸ் சட்டமன்றத்தில் சாலைக் குழுவுக்கு அவன்தானே தலைவன். பாலத்துக்கு இரண்டு இடங்கள் பார்த்திருந்தார்கள். ஆற்றின் மேல்வளைவில் கட்டினால் யாருக்கும் கெடுதல் இல்லை. இங்கே கட்டினால் எங்கள் மலைச்சரிவில் நிழல் விழும். அவன் கை காட்டுகிற இடத்தில் பாலம் வரும்.

சரிவில் மேல்பாதி அவனுக்கு, கீழ்பாதி எனக்கு. அப்பா பிரித்துக் கொடுத்தது. என் பாதியையும் விலைக்குக் கேட்டான், முடியாது என்றேன். அதைக்கூட மன்னித்திருப்பான். போன வருஷம் ஒயின் திருவிழா மேடையில் ஏறி, "இவை கத்தரி பிடித்துக் கொடிகளைக் கவாத்து செய்த கைகள்!" என்று மைக்கில் முழங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், நீ கடைசியா கத்தரி புடிச்சது ரிப்பன் வெட்டத்தானடா!"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பாதிரியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் பேப்பரில் அதுதான் தலைப்பு.

அதற்குத்தான் இந்தப் பாலம்.

எங்கள் குளிரில் வெயில் இல்லாவிட்டால் பழத்தில் இனிப்பு ஏறாது. புளித்த ஒயினை எவன் வாங்குவான்? அந்தக் கீழ்பாதியை விட்டால் எனக்குச் சோறு கிடையாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும், பாவி.

நான் அழுதேன்.

அப்பா சாவுக்குக்கூட அழாதவள், அத்தனை பேர் முன்னால் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். "வயித்துல அடிக்காதடா, மேல்வளைவுலயே கட்டச் சொல்லுடா" என்று அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

அளவெடுக்க வந்த பெண்மணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், செப்டம்பர்ல இன்னொரு தடவை பலூன் விட்டுப் பாத்துட்டா நல்லது."

அவளை மேலே பேசவிடவில்லை நான். இன்னும் சத்தமாக அழுதேன்.

"இவ அழறத பாத்தா தெரியலையா? இங்கதான் பாலம். எழுதிக்குங்க!" என்று சொல்லிவிட்டு அவன் காரில் ஏறினான்.

கார் திருப்பத்தில் மறைந்ததும் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன்.

ஜூனில் காய் மிளகு அளவுதான். அப்போது கொஞ்சம் நிழல் விழுந்தால் வெம்பாமல் இருக்கும், அவ்வளவுதான். பழம் இனிப்பது செப்டம்பரில். அப்போது சூரியன் தாழ்ந்துவிடும், நிழல் நீண்டு சரிவில் மேலே ஏறிவிடும். என் கொடிகளைத் தாண்டிப் போய் அவன் கொடிகள் மேல் படுத்துக்கொள்ளும், காலையிலிருந்து மாலை வரை. மந்திரிகளுக்கெல்லாம் அவன் ஊற்றிக் கொடுத்துப் பீற்றிக்கொள்கிற ஒயின், அந்த மேல்பாதியில் விளைவது. அங்கே கூலிக்கு ஆள் வைத்துவிட்டுப் போனவனுக்கு அறுவடை வெயில் எங்கே விழும் என்பதே மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். முன்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, மாதா முன்னால் பெரிய மெழுகுவத்தியாகப் பார்த்து ஏற்றினேன். தாயே, பாலத்தைச் சீக்கிரம் கட்டி முடிக்கட்டும்.