கூட்டத்துக்கு வந்தவர்

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் உழைப்பின் மாண்பு பற்றிப் பிலோமி டீச்சர் பேசிக்கொண்டிருந்தபோது கழிப்பறை அடைத்துக்கொண்டு நாற்றம் உள்ளே வந்தது. பங்குப்பேரவைச் செயலர் மதலைமுத்து மூக்கைப் பொத்தியபடி மூன்றாம் வரிசைக்குப் போய் இருதயசாமியின் தோளைத் தட்டினார். "கொஞ்சம் என்னன்னு பாருப்பா." நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருதயசாமி. இன்று மற்றவர்களைப் போல வெள்ளைச் சட்டையும் மடியில் நோட்டுமாகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நூறு பேர் பார்த்தார்கள். பிறகு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீச்சரும் எடுத்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். முடித்ததும் தன் வாயே நாறுவதுபோல் இருந்தது. மைக்கை வைத்துவிட்டு இறங்கினார்.

கழிப்பறையில், சட்டையைக் கதவில் மாட்டிவிட்டு முழங்கை வரை கையை விட்டிருந்தார் இருதயசாமி.

"எந்திரிங்கண்ணே."

"பழகுன கைதானே டீச்சர்."

"நீங்க கூட்டத்துக்கு வந்தவரு. போய் உக்காருங்க."

வாசலில் நின்ற மதலைமுத்து பதறினார். "ஐயோ, நீங்க எதுக்கு டீச்சர்? அதுக்குத்தான இவன் இருக்கான்!"

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு இருதயசாமியின் கைகளுக்குச் சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார்.

மண்டபத்தில் சலசலப்பு. "டீச்சர் எங்க?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"வேல செய்றாங்க" என்றார் இருதயசாமி, தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி.