கடைசியாக வருபவர்

ஓக் காடு முடிந்து குன்று தொடங்கும் இடத்தில், ஆடு வளர்க்கும் இட்வலின் மேய்ச்சல் நிலம். அதற்கு ஒரு வேலிக்கதவு. வேல்ஸ் மலைகளில் ஓடுபவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, கடைசியாக வருபவர்தான் கதவைச் சாத்த வேண்டும். மெலெரி எப்போதும் முன்னால் ஓடுவாள். புருஷன் கெதின் பின்னால் வந்து சாத்துவான்.

டிசம்பரில் கெதின் இறந்துபோனான். மெலெரி ஓடுவதை நிறுத்தவில்லை. வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, அவன் ஓடும்போது போடும் ஷூவைப் பழைய சாமான் கடையில் கொடுத்தாள். மறுநாள் ஓடிவிட்டுத் திரும்பும்போது இட்வல் வழிமறித்தார்.

"ஏம்மா, கதவத் திறந்து போட்டுட்டுப் போயிட்டியே. ஆடெல்லாம் ரோட்டுல நிக்குது. இத்தனை மாசமா ஒழுங்காத்தானே சாத்திட்டுப் போன?"

"மன்னிச்சுக்கங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள். அது ஆறிப்போன பிறகுதான் உறைத்தது. அவள் ஒருநாளும் அந்தக் கதவைச் சாத்தியதில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போய் ஷூவைத் திருப்பிக் கேட்டாள்.

"இப்பத்தான் போச்சு," என்றாள் கடைக்காரி. "ஒருத்தர் வெறுங்காலோட வந்தாரு. கணுக்கால் வரைக்கும் சேறு. அளவுகூடப் பாக்கல, அப்படியே மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

செவ்வாய்க்கிழமை மெலெரி வழக்கம்போல் ஓடினாள். வேலிக்கதவைத் திறந்தாள். திறந்தபடியே விட்டுவிட்டுக் குன்றில் ஏறினாள்.