நிறைந்த படகு

சுற்றுலாவைத் தூக்கி நிறுத்தவென்று அரசாங்கம் ஏரிப் படகுத்துறைக்குப் புது லைஃப் ஜாக்கெட்டுகள் கொடுத்தது. ஆட்கள்தான் வரவில்லை. சும்மா கட்டிவைத்தால் படகு பாழாகிவிடும் என்று படகுக்காரர் எபனேசர் தினமும் ஏரியைச் சுற்றி வருவார். வெறும் படகைக் காற்று திருப்பிவிடும் என்பதால் இருக்கைகளில் மணல்மூட்டைகளை உட்கார வைத்தார். பிறகு ஜாக்கெட்டுகளை அவற்றுக்கே மாட்டி வாரை இறுக்கினார். போகப்போக அவற்றிடம் மலையைக் காட்டிப் பேசவும் தொடங்கியிருந்தார்.

இன்று அவர் நடு ஏரியில் இருந்தபோது துறையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய குடும்பத்தில் ஒரு குழந்தை கையசைத்தது. அவரும் கையசைத்துவிட்டு வேகமாகத் துடுப்பு வலித்தார். பாதி வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

"படகு நிறைய ஆள் இருக்கு, இப்போதைக்கு இடம் கிடைக்காதுன்னு போயிட்டாங்கண்ணே" என்றாள், கரையில் சோளம் சுடும் தெய்வானை.

"அது மூட்டைன்னு நீ சொல்லலையா?"

அவள் தணலை விசிறினாள். "இந்த ஊர்லயாவது கூட்டம் இருக்கேன்னு அந்தம்மா சந்தோஷப்பட்டுச்சு. எனக்குச் சொல்ல வாய் வரலை."

எபனேசர் படகைக் கட்டினார். குனிந்து முதல் மூட்டையின் வாரை அவிழ்த்தார்.

"பார்த்து இறங்குங்க, வழுக்கும்" என்றார்.