பருத்திப்பால் வண்டி

நெரிசலில் மாட்டி வந்த எரிச்சலில், “இந்தத் தள்ளுவண்டிகளை ஒழிச்சாத்தான் ரோடு உருப்படும்” என்று மீனாள் நேற்று வீட்டுக்குள் பொருமினாள். கணவன் அழகர் பருத்திப்பால் வண்டிக்காரன் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கும் அரசாங்கக் கருத்துப்பெட்டி அதைக் கேட்டு மக்கள் கருத்தாகப் பதிந்துகொண்டது. விடிந்ததும் மதுரை முழுக்கத் தள்ளுவண்டிக்குத் தடை.

மீனாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “அது கோவத்துல சொன்னது, வண்டி வேணும்” என்று பெட்டியிடம் கெஞ்சினாள். தடைக்கு ஆதரவு ஏறிக்கொண்டே போகிறது என்றது பெட்டி.

பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். தினமும் அழகரிடம் பருத்திப்பால் வாங்கிக் குடிக்கும் ராக்கு அக்கா, “கவர்மெண்டே தடை போட்டிருக்குன்னா, அதுல ஏதோ கெடுதல் இருக்கப்போய்த்தானே?” என்றாள். ஆதரவு என்று அவள் வீட்டுப் பெட்டி பச்சையாக மின்னியது.

திரும்பி ஓடிவந்தாள். அழகர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க, நீங்களாவது தடை வேணாம்னு சொல்லுங்க.”

அவன் நிமிரவில்லை. “ஊரே வேணாங்குது, கவர்மெண்டும் வேணாங்குது. நம்ம தொழில்லதான் ஏதோ தப்பு இருக்கும்போல, மீனா.”

அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்துவதற்குள், பெட்டி பச்சையாக மின்னியது.