மங்காவரம்

“மங்காவரம் எறங்கு!” என்று இளவட்டக் கண்டக்டர் கூவினார்.

“இதென்னப்பா பேரு? நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப இங்க ஸ்டாப்பே கெடையாதே,” என்று கேட்டபடி மங்கையர்க்கரசி இருக்கையிலிருந்து எழுந்தாள்.

“அம்மன் மங்காத வரம் குடுத்த எடம்மா. ஆயிரம் வருசம் இருக்கும். கோயில்கூட கட்டப்போறாங்க.”

ஏரிக்கரையில் நாலைந்து வீடுகளே இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாக ஒரே பஸ்தான். ஒற்றைப் பக்கம் மட்டும் பின்னிய தலையோடு அவள் ஓடிவருவாள். எல்லோருக்கும் அவள் மங்கா. பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கள்கூட நுரை தெறிக்க டிரைவரைப் பார்த்துக் கத்துவார்கள்: “மங்கா வரா! மங்கா வரா!” நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நிற்கும்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினாள். பஸ் நகர்ந்த நேரத்தில், சந்திலிருந்து ஒரு சிறுமி ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள். மங்கையர்க்கரசி பஸ்ஸைப் படபடவென்று தட்டினாள். வாயில் வந்ததைக் கத்தினாள்.

“மங்கா வரா! மங்கா வரா!”

பஸ் நின்றது. சிறுமியைக் கைகொடுத்து ஏற்றிக்கொண்ட கண்டக்டர், படியில் நின்று மங்கையர்க்கரசியைத் திருத்தினார்.

“வரா இல்லம்மா, வரம்!”